தபால் கவுண்டர், டிவி, பஸ்: பிரிட்டன் அரசியலை நான் பார்க்கும் இடங்கள்

மழைக்கோட்டு எழுதியது:

பிரிட்டன் அரசியல் என்று பேச்செடுத்தாலே பிரதமர் வீடு இருக்கும் டௌனிங் தெருவுக்கு யார் வந்தார், யார் போனார் என்பதிலேயே நாம் எல்லாரும் நின்றுவிடுகிறோம். 2016-இல் கேமரன் போனதிலிருந்து மே, ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் பேச்சும் அங்கேயே சுற்றியது, சரி. ஆனால் இங்கே குடியிருக்கும் ஒருத்தியாக என் அபிப்பிராயம் வேறு. இந்த நாட்டு அரசு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் தெருமுனைக் கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே போஸ்ட் ஆபீஸ் பெரும்பாலும் தனிக் கட்டிடம் இல்லை. பால், ரொட்டி, பத்திரிகை, லாட்டரி விற்கும் கடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி, அதன் பின்னால் ஒருவர். பார்சல் அனுப்பலாம், பணம் போடலாம், எடுக்கலாம், கார் வரி கட்டலாம், ஊருக்குக் கிளம்பும்போது நோட்டு மாற்றலாம். வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட சிற்றூர்களில் வயதானவர்களுக்குக் கையில் காசு கிடைக்கும் இடம் அதுதான். அதை நடத்தும் சப் போஸ்ட்மாஸ்டர் அரசு ஊழியர் இல்லை. சொந்தக் காசைப் போட்டுக் கடையை வாங்கி, ஒப்பந்தத்தின்படி நடத்துகிறவர். கணக்கில் உதைத்தால் அவர்தான் தன் பையிலிருந்து கட்ட வேண்டும் என்று போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தார் பழைய ஒப்பந்தத்தைக் காட்டிச் சொன்னார்கள்.

1999-இல் அந்தக் கவுண்டர்களுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. ஃபுஜிட்சுவின் தயாரிப்பு. அதிலிருந்த கோளாறுகளால் இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகத் திரை காட்டியது. அதை நம்பி 900-க்கும் மேற்பட்டவர்களைத் திருட்டு, பொய்க்கணக்கு, மோசடி என்று தண்டித்தார்கள். அதில் சுமார் 700 பேர் மீது வழக்குப் போட்டது போஸ்ட் ஆபீஸ் நிறுவனமே. பணம் போனது என்று சொன்னவர்களும் அவர்கள், விசாரித்தவர்களும் அவர்கள், கோர்ட்டுக்கு இழுத்தவர்களும் அவர்கள். உதவி எண்ணுக்கு அழைத்தபோது "வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை" என்ற பதிலே வந்ததாகப் பாதிக்கப்பட்ட பலர் சொல்லியிருக்கிறார்கள். வீடு போனவர்கள், திவாலானவர்கள், ஊரில் திருடன் என்று பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2025 ஜூலையில் வந்த பொது விசாரணை அறிக்கையின் முதல் பாகம், குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது.

வேல்ஸின் கடற்கரை ஊரான லாண்டட்னோவில் கவுண்டர் நடத்திய ஆலன் பேட்ஸ், 2003-இல் ஒப்பந்தத்தை இழந்தவர். 2009-இல் அவரைப் போன்றவர்களை ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் ஒன்று கூட்டினார். பிறகு 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019-இல் உயர் நீதிமன்றம் ஹொரைசனை நம்ப முடியாது என்று தீர்ப்பு சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தானது. இவ்வளவு நடந்தும் நாடு பெரிதாக அசையவில்லை.

2024 புத்தாண்டு அன்று இரவு ஐடிவியில் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்ற நாலு பகுதித் தொடர் தொடங்கியது. 4-ஆம் தேதி முடிந்தது. 9-ஆம் தேதி போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி பாலா வென்னல்ஸ் தன் சிபிஇ என்ற அரச விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். 10-ஆம் தேதி, தண்டிக்கப்பட்டவர்களை மொத்தமாக விடுவிக்கச் சட்டம் வரும் என்று சுனக் நாடாளுமன்றத்தில் சொன்னார். மே மாதமே அது சட்டமாகிவிட்டது.

அந்தத் தொடரை எடுத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நீதிபதி நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியபோது நகராத அரசு, டோபி ஜோன்ஸ் நடித்துக் காட்டியதும் ஒரே வாரத்தில் நகர்ந்தது. அப்படியானால் தொடராக வராத மற்ற அநியாயங்களின் கதி என்ன? இதைத்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

தி.நகர் வாசகன் எழுதியது:

அக்கா, ஒன்று புரியவில்லை. பிபிசி, கார்டியன், டைம்ஸ் எல்லாம் இருக்கிற நாடு அது. இவ்வளவு பேர் ஜெயிலுக்குப் போகும்போது பத்திரிகைகள் என்ன செய்தன? கோர்ட்டில் ஒரு வக்கீல்கூட "கணினி தப்பாக இருந்தால்?" என்று கேட்கவில்லையா?

மழைக்கோட்டு எழுதியது:

கேட்டார்கள் தம்பி. பத்திரிகைகளும் எழுதின. கம்ப்யூட்டர் வீக்லி 2009 மே மாதமே ஏழு சப் போஸ்ட்மாஸ்டர்களின் கதையை வெளியிட்டது. பிரைவேட் ஐ தொடர்ந்து எழுதியது. 2015-இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியிலும் வந்தது. ஆனால் 'கணக்கு முறையில் கோளாறு' என்ற தலைப்பைப் பார்த்தால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்? ஹாம்ப்‌ஷயர் கிராமத்தில் கவுண்டர் நடத்திய ஜோ ஹாமில்டன், உதவி எண்ணில் இருப்பவர் சொன்னபடி பொத்தானை அழுத்த அழுத்த, குறையும் தொகை அவர் கண் முன்னாலேயே இரண்டு மடங்காகிறது. தொடரில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது கணக்கே தெரியாதவர்களுக்கும் வயிறு கலங்கியது. விடுமுறை நாள், குடும்பமே சோபாவில் இருக்கும் நேரம், நாலு இரவுகள் தொடர்ந்து. அது பத்திரிகையால் முடியாத காரியம்.

கோர்ட் விஷயம்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிற இடம். 1984-இல் வந்த சட்டம் ஒன்றின் 69-ஆம் பிரிவின்படி, கணினிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவருகிறவர், அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டியிருந்தது. 1999-இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதற்குப் பிறகு, மறுத்துக் காட்டும் ஆதாரம் இல்லாதவரை கணினி சரியாக இயங்கியதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஹொரைசன் கவுண்டர்களுக்கு வந்துகொண்டிருந்த அதே சமயத்தில் இந்த மாற்றம்! கோளாறு இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர். கோளாறுகளின் பட்டியல் இருப்பதோ ஃபுஜிட்சுவின் அலுவலகத்தில். அவர் எங்கே போவார்? நாளைக்கு நம் சம்பளக் கணக்கு, வரிக் கணக்கு, பல்கலைக்கழக மதிப்பெண் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். யாரும் தெருவில் இறங்கிக் கத்தாத இந்த மாதிரி சட்டத் திருத்தங்களைத்தான் நான் அரசியல் என்கிறேன்.

கடைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் லண்டனில் கடை வைத்திருக்கிறேன். போஸ்ட் ஆபீஸ் இல்லை, வெறும் கடை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்கட ஆட்கள் நிறையப் பேர் இந்தத் தொழிலில்தான் கால் ஊன்றினார்கள். காலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டை உள்ளே எடுத்து வைக்கிறதில் தொடங்கினால் இரவு பத்துக்குத்தான் ஷட்டர் விழும். கவுண்டர் ஒன்று இருந்தால் அதற்கு வரும் சனம் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போகும் என்ற கணக்கில்தான் பலர் போஸ்ட் ஆபீஸை எடுத்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. தண்டிக்கப்பட்டவர்களில் ஆசியாவில் இருந்து வந்தவர்கள் கணிசம். சரே மாவட்டத்தில் வெஸ்ட் பைஃப்ளீட் கவுண்டர் நடத்திய சீமா மிஸ்ரா, வயிற்றில் பிள்ளையோடு 2010-இல் சிறைக்குப் போனவர். மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள் அன்று. போஸ்ட் ஆபீஸ் விசாரணை ஆட்கள் சந்தேக நபர்களை வகைப்படுத்தப் பயன்படுத்திய தாளில் காலனி ஆட்சிக்கால இனப்பெயர்கள் இருந்தது 2023-இல் வெளியே வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டால் சரியா? கணக்குத் தவறினால் வெள்ளைக்காரரும்தான் பாதிக்கப்பட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் பார்க்கிற கண் வேறு. ஊரில் இருக்கிற சொந்தத்துக்குக் காசு அனுப்புகிறவன் என்றால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம் ஆகிவிடும்.

மழைக்கோட்டு எழுதியது:

அண்ணா, நான் விட்டதை நீங்கள் சொன்னதற்கு நன்றி. நம்மில் பலருக்கு "கோர்ட், கேஸ் என்று போகாதே, கேட்கிற காசைக் கட்டிவிட்டு மானத்தைக் காப்பாற்று" என்பதே வளர்ப்பில் வந்த பாடம். நகையை விற்றும், உறவினரிடம் கடன் வாங்கியும், இல்லாத குறையைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வழக்கிலும் வரவில்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. இழப்பீட்டுத் திட்டத்தில் அவர்களுக்கும் வழி வைத்திருந்தார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி யாராவது பழைய சப் போஸ்ட்மாஸ்டர் இருந்தால், இன்னும் விண்ணப்பிக்க முடியுமா என்று விசாரிக்கத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

ஹாரோவாசி எழுதியது:

நல்ல இழை. ஒரு கருத்து வேறுபாடு. தொலைக்காட்சிதான் எல்லாம் செய்தது என்பது போல எழுதுகிறீர்கள். ஜோ ஹாமில்டனின் தொகுதி எம்பி ஜேம்ஸ் ஆர்பத்நாட். கன்சர்வேடிவ் கட்சிக்காரர். அந்த அம்மா சொன்னதை நம்பி, மற்ற எம்பிக்களைத் திரட்டி, பிறகு பிரபுக்கள் சபைக்குப் போன பின்னும் விடாமல் பேசினார். தொகுதிக்கு ஒரு எம்பி, அவர் வாரக் கடைசியில் உட்கார்ந்து மக்களைச் சந்திக்கும் 'சர்ஜரி' என்ற வழக்கம், இது இந்த நாட்டின் பெரிய பலம். விசா தாமதம், கவுன்சில் (உள்ளாட்சி) கொடுத்த வீட்டுச் சுவரில் பூஞ்சை, பள்ளி இடம் என்று எதற்கும் போகலாம். அவருக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்க மாட்டார்கள். நம் தமிழர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஆகவே, கட்சிகளுக்கு ஓட்டு சதவீதப்படி இடம் தரும் விகிதாசாரத் தேர்தல் வேண்டும் என்று நீங்கள் போன இழையில் எழுதியதை நான் ஏற்கவில்லை.

மழைக்கோட்டு எழுதியது:

ஆர்பத்நாட் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. சர்ஜரியின் அருமையும் எனக்குத் தெரியும். ஆனால் 2024 ஜூலை 4 தேர்தல் முடிவைக் கொஞ்சம் பாருங்கள். லேபர் வாங்கியது சுமார் 34 சதவீத ஓட்டு. கிடைத்தது 411 இடம், அதாவது 650-இல் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு. ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீதம். கிடைத்தது 5 இடம். லிபரல் டெமாக்ரட் அதைவிடக் குறைவாக 12 சதவீதம் வாங்கி 72 இடத்தில் ஜெயித்தது. ரிஃபார்மின் குடியேற்றக் கொள்கையை நான் அடியோடு எதிர்க்கிறேன். என்னைப் போன்றவர்கள் இங்கே வந்ததே தவறு என்ற தொனியில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இருந்தாலும் நாற்பது லட்சம் பேர் போட்ட ஓட்டுக்கு ஐந்து நாற்காலி என்பது அநியாயம்தான். எனக்குப் பிடிக்காத கட்சி என்பதால் அது நியாயம் ஆகிவிடாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: இதே முறையில் அவர்களும் நாளைக்கு 30 சதவீதத்தை வைத்துக்கொண்டு முழு அதிகாரத்தைப் பிடிக்கலாம்.

தொகுதி எம்பியையும் வைத்துக்கொண்டு விகிதாசாரத்தையும் கொண்டுவர முடியும். எடின்பரோவைப் பாருங்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் 129 பேரில் 73 பேர் தொகுதிகளில் ஜெயித்து வருகிறவர்கள், மீதி 56 பேர் வட்டாரப் பட்டியலில் இருந்து ஓட்டு விகிதத்தைச் சரிசெய்ய வருகிறவர்கள். லண்டன் அசெம்ப்ளிக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். நீங்கள் ஹாரோவில் இருப்பதால் அந்தச் சீட்டை உங்கள் கையாலேயே நிரப்பியிருப்பீர்கள். 2011-இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் மாற்றத்தை மறுத்தார்கள் என்று பலர் சொல்வார்கள். அன்று கேட்டது வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடும் விருப்ப வரிசை முறை பற்றி. விகிதாசாரம் பற்றி இதுவரை இந்த நாட்டு மக்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

தி.நகர் வாசகன் எழுதியது:

ஓட்டு எண்ணிக்கை இரவு பற்றி எழுதுங்கள் அக்கா. நாங்கள் 2024 ஏப்ரல் 19-இல் ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை காத்திருந்தோம்.

மழைக்கோட்டு எழுதியது:

எனக்கு இங்கே பிடித்த பொழுதுபோக்கே அதுதான்! வியாழக்கிழமை காலை ஏழு முதல் இரவு பத்து வரை ஓட்டு. பள்ளிக்கூடம், சர்ச், நூலகம், சில இடங்களில் பப் கூட வாக்குச்சாவடி ஆகும். நூல் கட்டிய பென்சிலால் சீட்டில் பெருக்கல் குறி போட வேண்டும், இயந்திரம் கிடையாது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் கட்டிவிட்டுப் போய் ஓட்டுப் போடுவார்கள். இரவு பத்து அடித்ததும் வெளியேறும் வாக்காளர்களிடம் எடுத்த கணிப்பு டிவியில் வரும். பிறகு விடிய விடியக் கையால் எண்ணுவார்கள். முதல் முடிவு பெரும்பாலும் வடகிழக்கில் இருந்துதான்; 2024-இல் ஹோட்டன் அண்ட் சண்டர்லண்ட் சவுத் முந்திக்கொண்டது. இங்கிலாந்தின் மற்ற ஊர்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் மிகவும் மதிக்கும் காட்சி என்னவென்றால், தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும். பிரதமராக இருந்தாலும் சரிதான். சுனக் தன் தொகுதி முடிவுக்காக நின்றபோது அதே வரிசையில் தலையில் குப்பைத்தொட்டி மாட்டிய கவுண்ட் பின்ஃபேஸும் நின்றார். அதிகாரத்தில் இருப்பவர் அப்படி நின்றே ஆக வேண்டும் என்ற வழக்கம் ஜனநாயகத்துக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். மறுநாள் பகலுக்குள் சுனக் காலி செய்தார், ஸ்டார்மர் உள்ளே போனார். அந்த முறைதான் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் ஜெயித்தார், பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண். அன்றைய சந்தோஷம் தனி.

கடைக்காரன் எழுதியது:

டிவி பற்றித் தொடங்கினீர்கள், பிபிசிக்காக வருடா வருடம் கட்டும் டிவி லைசென்ஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டாக ஏற்றினார்கள். என் பிள்ளைகள் பிபிசி பார்ப்பதே இல்லை. எதற்குக் கட்ட வேண்டும்?

மழைக்கோட்டு எழுதியது:

அண்ணா, நேரலையாக எந்தச் சேனலையும் பார்க்காமல், பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரும் திறக்காமல் இருந்தால் கட்ட வேண்டாம்; அதை அறிவித்துவிட்டால் போதும். பிபிசி வேண்டும் என்பது என் பக்கம். காலை வானொலி, உள்ளூர்ச் செய்தி, பிள்ளைகளுக்கான சிபீபீஸ், இதெல்லாம் சந்தையிடம் விட்டால் நடக்காது. 1966-இல் வீடில்லாத ஒரு குடும்பத்தின் கதையை 'கேத்தி கம் ஹோம்' என்று பிபிசி காட்டியபோது நாடே உலுக்கப்பட்டது. சில நாட்களில் ஷெல்டர் என்ற வீட்டுரிமை அமைப்பு தொடங்கியபோது அதற்குக் கிடைத்த ஆதரவில் அந்த நாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் கட்டணம் வாங்கும் விதம் தப்பு. கோடீஸ்வரருக்கும் அதே தொகை, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் அதே தொகை. கட்டாவிட்டால் அது குற்றவியல் வழக்கு. அப்படித் தண்டிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது அவர்கள்தானே. பிபிசி இயங்குவதற்கு அடிப்படையான அரச சாசனம் 2027 முடிவோடு முடிகிறது. அதற்குள் இதைக் குற்றம் என்ற பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, வருமானத்தைப் பார்த்து வாங்கும் முறையைக் கொண்டுவர வேண்டும். பேட்ஸ் தொடரைக் காட்டியது விளம்பரத்தில் ஓடும் ஐடிவிதான் என்று நீங்கள் சொல்லலாம். அத்தனை பேர் பார்த்தும் அதில் நஷ்டம்தான் என்று அந்த நிறுவனத்தின் அதிகாரியே சொன்னார், ஏனென்றால் வெளிநாட்டில் விற்கவில்லை. அடுத்த முறை அப்படி ஒரு கதைக்கு யார் பணம் போடுவார்கள்?

புதுமாணவி எழுதியது:

அக்கா, நான் மான்செஸ்டரில் படிக்க வந்திருக்கிறேன். அரசியல் எதுவும் தெரியாது. மஞ்சள் பஸ் மட்டும் ரொம்பப் பிடித்திருக்கிறது.

மழைக்கோட்டு எழுதியது:

தங்கையே, நீ ஏறும் அந்தப் பஸ்ஸே ஒரு பெரிய அரசியல் கதை! 1986-இல் தாட்சர் அரசு லண்டனுக்கு வெளியே பஸ் சேவையைத் தனியாரிடம் முழுக்கத் திறந்துவிட்டது. லாபம் வரும் தடத்தில் நாலு கம்பெனி போட்டி போடும், லாபம் இல்லாத பேட்டைக்கு ஒன்றும் வராது. ஒரு கம்பெனி டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. லண்டனில் மட்டும் தடமும் கட்டணமும் பொது அமைப்பின் கையிலேயே இருந்தது, அதனால்தான் அங்கே வித்தியாசம் தெரியும். மேயர் ஆண்டி பர்னம் காலத்தில் கிரேட்டர் மான்செஸ்டர் அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்தது. பஸ் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரியில் முழுப் பகுதியும் பீ நெட்வொர்க் என்ற உங்கள் மஞ்சள் பஸ் அமைப்பின் கீழ் வந்தது. இங்கிலாந்து முழுக்க ஒரு பஸ் பயணத்துக்கான 2 பவுண்டு உச்சவரம்பு 3 ஆன அந்த ஜனவரியிலும் உங்கள் ஊரில் 2 பவுண்டாகவே வைத்தார்கள். இரவு வேலை முடிந்து வரும் நர்ஸுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அந்த ஒரு பவுண்டு, போக வர இரண்டு பவுண்டு, பெரிய விஷயம். நான் மனம் திறந்து பாராட்டும் அரசு நடவடிக்கை இது.

இதற்கு நேர்மாறு பர்மிங்காம். 2023-இல் அந்தக் கவுன்சில் கையில் காசில்லை என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் குப்பை லாரித் தொழிலாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், தெருவெல்லாம் கறுப்புப் பைகள் மலையாய்க் குவிந்தன. அந்தத் தொழிலாளர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. மத்திய அரசு கவுன்சில்களுக்குத் தரும் பணத்தை 2010-க்குப் பிறகு பல வருடம் வெட்டியதும் இதற்குப் பெரிய காரணம்.

புதுமாணவி எழுதியது:

நன்றி அக்கா. ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டும் ஸ்டூடண்ட் விசாவும்தான். நான் இங்கே ஓட்டுப் போட முடியாது, இல்லையா?

ஹாரோவாசி எழுதியது:

முடியும் அம்மா. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இங்கே தங்க அனுமதி இருந்தால், பொதுத் தேர்தலிலும் கவுன்சில் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை இரண்டும் அதில் உண்டு. ஜெர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கே பொதுத் தேர்தலில் அந்த உரிமை கிடையாது, உனக்கு உண்டு.

மழைக்கோட்டு எழுதியது:

ஐயா சொன்னது சரி. அரசு இணையதளத்தில் பதிவு செய்யச் சில நிமிடம் போதும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் இருந்தால் போடு, இல்லையென்றால் காரணத்தை எழுதினால் அவர்களே வேறு சான்று கேட்பார்கள். கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதே. அப்புறம், 2023-இல் இருந்து இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாளம் காட்ட வேண்டும். வயதானவர்களின் பஸ் பாஸ் செல்லும், ஆனால் 2024 தேர்தலில் பல்கலைக்கழக அட்டை செல்லவில்லை. இளைஞர்களுக்குச் செய்த அநீதி என்றே இதை நினைக்கிறேன், தனி இழையில் எழுதுகிறேன். உன் இந்தியப் பாஸ்போர்ட் செல்லும், அதை எடுத்துக்கொண்டு போ. கடைக்கார அண்ணா, உங்கள் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பதிவு செய்திருக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.